காதுப்பெட்டிக்குக் கேட்காத இருமல்

அந்த வருடம் ஆடி மாதத்தில் புளியங்காட்டுப்புதூர் ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு சைக்கிள் மணி வாங்கினார்கள். சைக்கிள் ஒருவரிடமும் கிடையாது. 2043-ஆம் வருடத்தில் சைக்கிளை யார் மிதிக்கிறார்கள்? மணியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். சொந்த வீட்டு வாசலில் நின்று டிரிங் டிரிங் என்று இரண்டு முறை அடித்துவிட்டு, ஐஸ் விற்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் காதுப்பெட்டி.

காதுப்பெட்டி என்பது ஊர் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். சோப்பு டப்பா அளவில் வெள்ளைப் பெட்டி, நடுவில் மிளகு அளவில் ஒரு விளக்கு. சித்திரையில் ஆட்கள் வந்து பஸ் ஸ்டாப், டீக்கடை, ரேஷன் கடை, அப்புறம் வீட்டுக்கு வீடு வாசல் நிலை என்று வரிசையாக மாட்டிவிட்டுப் போனார்கள். பேச்சு அதன் காதில் ஏறாது. மாமியாரைத் திட்டினாலும் சரி, மந்திரியைத் திட்டினாலும் சரி, அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். இருமல் மட்டும்தான் கேட்கும். ஒரே தொண்டை வாரத்தில் பத்துத் தடவைக்கு மேல் இருமினால், அந்தப் பெயர் ஆரம்ப சுகாதார நிலையத்து டேப்லெட்டுக்குப் போய்விடும். பெயர் வந்தவர்களுக்கு எக்ஸ்ரே வேன். காசநோய் என்று தெரிந்தால் அன்றைக்கே மாத்திரை, இரண்டே மாதத்தில் குணம். பழைய காலத்தைப் போல ஆறு மாதம் மாத்திரையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

எந்த இருமல் யாருடையது என்று பெட்டிக்குத் தெரிய வேண்டுமே? அதற்காக ஊர் மொத்தத்தையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் 'ஆ' சொல்ல வைத்துப் பதிவு செய்தவள் கிராம சுகாதார செவிலியர் பூங்கோதை. ஊருக்கு நர்சம்மா. இந்த ஊரில் இருபத்தொரு வருடமாக ஊசி போடுகிறவள். இவள் கையால் அழாத குழந்தை ஊரில் கிடையாது. முதல் நாள் யாரும் வாயைத் திறக்க வெட்கப்பட்டபோது, "இதென்னங்க பெரிய வித்தை? இப்புடி!" என்று தானே முதல் ஆளாக ஒரு 'ஆ' போட்டுக் காட்டினாள். டேப்லெட் பெயர் கேட்டது. 'மாதிரி' என்று அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான்கு நாளில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு தொண்டைகள்.

அந்த நாலு நாளும் கத்தியதில் அவளுக்கே தொண்டை கரகரத்தது. தறி ஓடுகிற ஊரில் பஞ்சுத் தூசி ஏறாத தொண்டை ஏது? பிளாஸ்க்கில் சீரகத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, கரகரப்பு வரும்போதெல்லாம் ஒரு மிடறு குடித்து உள்ளே தள்ளினாள். ஊசி போடப் போன வீட்டில் நர்சே இருமினால் நன்றாகவா இருக்கும்?

ஆனி கடைசியில் முதல் பட்டியல் வந்தது. நாற்பத்தோரு பெயர்கள். சுகாதார ஆய்வாளர் சதாசிவம் சுறுசுறுப்பான மனிதர், அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. தடுப்பூசி முகாம் என்றால் மாரியம்மன் கோயில் மைக்கில் பெயர் வாசிப்பது அவர் வழக்கம். அதே பழக்கத்தில் இந்த நாற்பத்தோரு பெயரையும் வாசித்துவிட்டார். ஊரே வாயைப் பிளந்தது. பட்டியலில் இருந்த ஒரு மாப்பிள்ளையின் நிச்சயதார்த்தத்தைப் பெண்வீட்டார் "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமுங்க" என்று தள்ளிவைத்தார்கள். டீக்கடையில் மூன்று பேருக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். பூங்கோதை சதாசிவத்தைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஆனால் வாசித்தது வாசித்ததுதான்.

வேனில் எல்லாருக்கும் படம் எடுத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நாற்பத்தோரு நுரையீரலும் துலக்கி வைத்த பாத்திரம் போல இருந்தன.

"மெஷின் இவ்வளவு தப்புப் பண்ணாதே சிஸ்டர்," என்றாள் டாக்டர் ரெபெக்கா. தூத்துக்குடிக்காரி, வேலைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

பட்டியலில் பூங்கோதையின் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவும் இருந்தார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டாக்டரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். நாச்சிமுத்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். அடிவயிற்றிலிருந்து "க்க்ஹும்ம்!" என்றார். பெட்டியின் விளக்கு பளிச்சென்று மின்னியது.

"இருமல்!" என்றாள் டாக்டர்.

"இல்லீங்க டாக்டர். கனைப்பு."

"எதுக்குக் கனைக்கிறாரு?"

"'நான் வந்துட்டேன், சோத்தைப் போடு'ன்னு அர்த்தமுங்க. கண்ணாலமாயி இருவத்திமூணு வருசத்துல ஒரு நாளும் என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்லீங்க. இதுதான் கூப்பாடு. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இந்தப் பட்டியல்ல இருக்கற ஆம்பளைக எல்லாம் அப்புடித்தான்."

டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாவம் சிஸ்டர் அந்த மெஷின். பெரிய பெரிய ஆஸ்பத்திரியில நோயாளிங்க இருமுனதைக் கேட்டுப் படிச்சது அது. ஆஸ்பத்திரியில யாரு வந்து கனைக்கப் போறா? அதுக்கு இப்பிடி ஒரு பாஷை இருக்கிறதே தெரியாது."

விஷயம் தெரிந்தும் ஆண்களுக்குப் பயம் போகவில்லை. இன்னொரு தடவை மைக்கில் பெயர் வந்தால்? கனைப்பை நிறுத்தினார்கள். பூனை மாதிரி சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்து நின்றார்கள். அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கனைப்பை நம்பி எத்தனை குடும்பம் ஓடியிருக்கிறது என்று. வீட்டுக்காரர் குறட்டையைத் தங்கச்சியிடம் போனில் நடித்துக் காட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, அவர் பின்னாலேயே நிற்பதைப் பார்த்துக் கையிலிருந்த சாம்பாரைக் கீழே போட்டாள். மாமியார்களும் மருமகள்களும் நாளுக்கு நாலு முறை திடுக்கிட்டார்கள். அதற்கு அப்புறம்தான் சைக்கிள் மணி வந்தது.

மாவட்ட அலுவலகத்தில் கனைப்பை எல்லாம் கணக்கிலிருந்து கழித்தார்கள். மிச்சம் பூஜ்யம். 'இருமல் இல்லாத ஊர்' என்று புளியங்காட்டுப்புதூருக்குப் பச்சை நிறம் கொடுத்து, வெள்ளிக்கிழமை வேன் அடுத்த ஊருக்குப் போகும், இனி அடுத்த வருடம்தான் என்று கடிதம் வந்தது.

கடிதம் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, நறுமுகைக்குப் படம் எடுத்தார்கள்.

நறுமுகை பூங்கோதையின் பக்கத்து வீட்டுக் குழந்தை. நான்கு வயது. அவள் அம்மா ஹர்ஷினி தறிக்கு சாயங்கால ஷிப்ட் போகும்போதெல்லாம் குழந்தை பூங்கோதையின் மடியில்தான் கிடக்கும். 'ஊசியம்மா' என்றுதான் கூப்பிடும். பூங்கோதையின் ஒரே மகன் ஓசூரில் வேலைக்குப் போன பிறகு, அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது இந்தக் குழந்தை போட்டதுதான். இரண்டு மாதமாக அதற்கு எடை ஏறவில்லை, சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுட்டது. எதற்கும் பார்ப்போம் என்று வேனில் ஏற்றினாள் டாக்டர். நெஞ்சில் புள்ளி இருந்தது.

"குழந்தைக்குச் சரியாயிரும். அதைப் பத்திப் பயமே வேண்டாம்," என்றாள் டாக்டர். "ஆனா இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இது சும்மா வராது சிஸ்டர். கூடவே இருக்கிற பெரியவங்க யார்கிட்டயோ இருந்துதான் வந்திருக்கும். அவங்களைக் கண்டுபிடிக்கலைன்னா, நாம மாத்திரை குடுக்கக் குடுக்க அவங்க மறுபடியும் குடுத்துக்கிட்டே இருப்பாங்க. இவளுக்கு மட்டுமில்ல, மத்த குழந்தைங்களுக்கும்."

ஹர்ஷினிக்கும் அவள் கணவனுக்கும் படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. பெட்டியோ ஊரில் ஒருவரும் இருமவில்லை என்றது. வெள்ளிக்கிழமை வேன் போய்விடும். பூங்கோதைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ ஒரு ஆள் அந்தக் குழந்தையைத் தினமும் தூக்கிக் கொஞ்சி நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை அந்தப் பழைய பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிளாஸ்க்கைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு டாக்டர் அறைக்குப் போனாள்.

"டாக்டர், நாப்பத்தியொரு பேரு. அதுல ஒரு பொம்பளையாவது இருக்குதுங்களா?"

டாக்டர் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். "இல்ல. பொம்பளைங்க கனைக்க மாட்டாங்கல்ல?"

"கனைக்க மாட்டாங்க, சரிங்க. இருமவுமா மாட்டாங்க? தொள்ளாயிரம் பொம்பளை. முக்காவாசிப் பேரு தறிக்குப் போறவங்க. மூணு மாசத்துல ஒருத்தி கூடவா பத்துத் தடவை இருமியிருக்க மாட்டா?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பொட்டி எங்கெல்லாம் இருக்குதுன்னு பாருங்க. டீக்கடை, பஸ் ஸ்டாப்பு, வாசல். அங்கெல்லாம் ஆம்பளைக உக்காருற எடம். பொம்பளைக்கு இருமல் வந்தா மாமியா முன்னால இருமுவாளா? 'சீக்காளியக் கட்டியாந்துட்டோம்'னு பேச்சு வந்துருமுங்க. முந்தானைய வாயில வெச்சு அமுக்கிட்டுப் பொறக்கடைக்கு ஓடிருவா. நாங்கெல்லாம் இருமலை முழுங்கியே பழகுனவங்க டாக்டர்."

"அப்போ பின்பக்கத்துல மாட்டணும்."

"ஐநூறு வூட்டுக்கு நாளைக்குள்ள மாட்ட முடியுங்களா? அதெல்லாம் வேண்டாம். இன்னைக்குச் சாயங்காலம் ஊர்ப் பொம்பளைக அறுபது பேரு ஒரே எடத்துல மூச்சு வாங்கிட்டு நிப்பாங்க. ஒரே ஒரு பொட்டி குடுங்க, போதும்."

அந்த இடம் வள்ளி கும்மி பழகும் மாரியம்மன் கோயில் மைதானம். ஆவணியில் அரங்கேற்றம். அறுபது பெண்கள் இரண்டு மாதமாகச் சாயங்காலம்தோறும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பூங்கோதையும் ஒருத்தி. ஆட ஆரம்பித்த பிறகு ரவிக்கை எல்லாம் தொளதொளத்துப்போய், இரண்டு முறை தைத்துச் சிறிதாக்கியிருந்தாள். நாற்பத்தாறு வயதில் எடை குறைந்ததில் அவளுக்கு ஒரே பெருமை. டாக்டரிடம் கூடச் சொல்லிக் காட்டியிருந்தாள்.

கும்மி வாத்தியார் சென்னியப்பனிடம் சொல்லிவிட்டு, பெட்டியைக் கொடிக்கம்பத்தில் கட்டினாள். பிறகு பெண்களைப் பார்த்துப் பேசினாள்.

"இங்க பாருங்க, ஒளிச்சு மறைச்சு ஒண்ணுமில்ல. இந்தப் பொட்டி நம்ம இருமலைக் கேக்கப்போகுது. ஊர்ல யாருக்கோ நோவு இருக்குது. ஒரு பச்சப்புள்ளைக்கு ஒட்டிக்கிச்சு. பிரியமில்லாதவங்க அக்கட்டால போய் உக்காந்துக்குங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"மைக்குல பேரு வருங்களா நர்சம்மா?" என்று ஒரு குரல்.

"வந்தா சதாசிவத்தை இதே கம்பத்துல கட்டிப்போட்டுருவேன்."

சிரிப்பு கிளம்பியது. ஒருத்தியும் வெளியே போகவில்லை.

சென்னியப்பன் பாட்டெடுத்தார். மேளம் சேர்ந்தது. நூற்றிருபது கைகள் ஒரே தாளத்தில் தட்டின. குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, சுற்றித் திரும்பித் தட்டி, வட்டம் வேகம் பிடித்தது. அந்தச் சத்தத்தில் ஒருத்தி இருமுவது பக்கத்தில் நிற்கிறவளுக்கே கேட்காது. கேட்காது என்பதாலேயே யாரும் அடக்கவில்லை. இருமினார்கள், சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அடியைப் போட்டார்கள். பூங்கோதையும் பிளாஸ்க்கை மறந்து, தறித் தூசியை மறந்து, தொண்டை திறக்க ஆடினாள். உச்சியில் பெட்டியின் விளக்கு மின்மினி மாதிரி விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாட்டிக்கொண்டாயா?

வியாழக்கிழமை காலை டாக்டர் டேப்லெட்டோடு காத்திருந்தாள்.

"உங்க கணக்கு சரி சிஸ்டர். அஞ்சு பேரு. நாலு பேருக்கு ஆள் அனுப்பியாச்சு. அஞ்சாவதுதான் புரியல. அதிகமா இருமுனது அவங்கதான், இருவத்தியாறு தடவை. சந்தேகமே வேண்டாங்குது மெஷின். ஆனா பேர் இருக்க வேண்டிய எடத்துல 'மாதிரி'ன்னு இருக்கு. எண் ஒண்ணு. அது யாரு?"

பூங்கோதை டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். பிளாஸ்க், ரவிக்கை, சாயங்காலம் மடியில் கிடந்த குழந்தை என்று ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அது நானுங்க டாக்டர்."

நோயாளி வீட்டுக்கெல்லாம் முகக்கவசம் போட்டுக்கொண்டு போனவள், தன் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கினாள். ஊரில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு பேர் பெயரையும் எழுதியவள், தன் பெயரை மட்டும் எழுதவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என்ற மடியிலதானுங்க டாக்டர் அந்தப் புள்ள தூங்கும். நாலு வார்த்தை கேக்கோணும்னு நெனைச்சனே. யாரைக் கேப்பேன்?"

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "போன வருஷம் எத்தனை பேருக்கு டி.பி. மாத்திரை குடுத்தீங்க?"

"பதினேழு பேருக்கு."

"எத்தனை பேருக்குக் குணமாச்சு?"

"பதினேழு பேருக்கும்."

"அந்தப் பதினேழு பேர்ல யாரோ ஒருத்தர் குடுத்தது இது. அவங்க மேல உங்களுக்குக் கோவமா?"

"அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்."

"அதேதான். எந்திரிங்க. வேன் இன்னைக்கு இங்கதான் நிக்குது. முதல்ல டேப்லெட்ல உங்க பேரை எழுதுவோம்."

ஐந்து பேரில் மூன்று பேருக்குப் பஞ்சுத் தூசிதான். பூங்கோதைக்கும் கோயில் தெருக் காளியாத்தாளுக்கும் காசநோய். ஆரம்ப நிலை. மைக் எதுவும் அலறவில்லை. சதாசிவம் கூடக் கிசுகிசுப்பாகவே பேசினார்.

ஹர்ஷினியிடம் தானே சொல்வது என்று பூங்கோதை முடிவெடுத்தாள். முகக்கவசத்தோடு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் தள்ளி நின்றாள். சுற்றி வளைக்கவில்லை. "பாப்பாவுக்கு என்கிட்ட இருந்துதான் வந்துச்சு கண்ணு."

ஹர்ஷினி சட்டென்று திரும்பினாள். வீட்டுக்குள் போய்விட்டாள். கதவு பாதி சாத்திக்கொண்டது. இருபத்தொரு வருட வேலை அந்தப் பாதிக் கதவோடு முடிந்துவிட்டது என்று பூங்கோதைக்குத் தோன்றியது. திரும்பி நடக்கப் போனவளைக் குரல் நிறுத்தியது.

"நில்லுங்கக்கா. எங்க போறீங்க?" ஹர்ஷினியின் கையில் குழந்தையின் மாத்திரை அட்டை இருந்தது. கண் கலங்கியிருந்தது. "கோவம் வருதுங்க. வராமயா இருக்கும்? ஆனா யாருன்னே தெரியாம போன ரெண்டு நாளு இருக்குது பாருங்க, பாக்கறவங்களை எல்லாம் சந்தேகப்பட்டுட்டு. அதுதான் கொடுமை. நீங்க பொட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கலீன்னா அப்புடியேதான இருந்திருப்போம்? உங்களுக்கு எத்தனை நாளைக்கு மாத்திரை?"

"ரெண்டு மாசம்."

"பாப்பாவுக்கும் ரெண்டு மாசந்தான். சேர்ந்தே முழுங்குங்க."

அப்படித்தான் நடந்தது. தினமும் காலை ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு நறுமுகை ஏறி நிற்பாள். தன் மாத்திரையை முகம் சுளிக்காமல் முழுங்குவாள். அப்புறம் இடுப்பில் கை வைப்பாள்.

"ஊசியம்மா, மாத்தரை போடுங்க. தண்ணி குடிங்க. ம், வாயத் தொறங்க. ஆ சொல்லுங்க."

"ஆ."

"நாக்கத் தூக்குங்க. ஏமாத்தக் கூடாது."

இருபத்தொரு வருடமாகத் தான் ஊருக்குச் செய்ததையெல்லாம் இந்தக் குட்டி திருப்பிச் செய்கிறதே என்று நினைத்தபடி பூங்கோதை நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். குழந்தை தன் அட்டையில் ஒரு நட்சத்திரம், ஊசியம்மா அட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டும். மூன்றாவது வாரம் டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றலாம் என்றாள். அன்றைக்குச் சுவர் தாண்டி வந்த குழந்தை மடியை விட்டு இறங்கவே இல்லை.

அரங்கேற்றத்தைப் பெண்கள் புரட்டாசிக்குத் தள்ளிவைத்தார்கள். பூங்கோதையும் காளியாத்தாளும் இல்லாமல் ஆடுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இதற்குள் வாசலில் இருந்தது போலவே பொறக்கடையிலும் தறிக்கூடத்திலும் பெட்டி மாட்டினார்கள். மாவட்ட அலுவலகம் பெட்டிக்குக் கனைப்பு கற்றுக்கொடுக்க ஆண்களை வரிசையில் நிறுத்தியது. அத்தனை பேர் முன்னால் கனைக்கச் சொன்னால் யாருக்கு வரும்? கோழிக்குஞ்சு மாதிரி என்னென்னவோ சத்தம் வந்தது. பூங்கோதைதான் எல்லாரையும் தனித்தனியாக அவரவர் வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்தாள். தள்ளிப்போன நிச்சயதார்த்தம் நடந்தது. சைக்கிள் மணிகள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாகிவிட்டன.

புரட்டாசி மூன்றாவது வாரம் கடைசிப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "துலக்கி வெச்ச பாத்திரம்," என்றாள். பூங்கோதை மருந்துப்பெட்டியை மாட்டிக்கொண்டு மத்தியான வெயிலில் வீட்டுக்கு நடந்தாள். மூச்சு எந்தத் தடையும் இல்லாமல் அடிவயிறு வரைக்கும் போய்வந்தது. போகும் வழியெல்லாம் அவளுக்குத் தானாகவே சிரிப்பு வந்தது.

இரண்டு மாதமாகச் சமையல் நாச்சிமுத்து கையில் இருந்தது. உள்ளே அவர் போனில் யாரிடமோ பேசுவது வாசல் வரை கேட்டது. "அதை ஏன் கேக்கறீங்க மாப்ள, மாத்திரை திங்க ஆரம்பிச்சதுல இருந்து அவளுக்கு வாய் இன்னும் நீண்டுபோச்சு..."

பூங்கோதை செருப்பைக் கழற்றினாள். முந்தானையைச் சரிசெய்தாள். நிமிர்ந்து நின்று, அந்த வாசலில் இருபத்திமூன்று வருடமாக ஒரே ஒரு தொண்டை மட்டும் போட்ட சத்தத்தை, தன் தொண்டையால், தெருக்கோடி வரை கேட்கும்படி போட்டாள்.

"க்க்ஹும்ம்!"

பெட்டியின் விளக்கு மின்னவில்லை. இப்போது அதற்கு அந்தப் பாஷை தெரியும். உள்ளே கரண்டி விழுந்தது. போன் பேச்சு பாதியில் நின்றது. அப்புறம் தட்டு எடுத்து வைக்கும் சத்தமும், அவசர அவசரமாகச் சோற்றுப் பானையைத் திறக்கும் சத்தமும் கேட்டன.